அடிப்பெட்டிச் சாளை

மீன் வண்டிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கரையில் பெட்டியைத் திறந்ததும் மீனின் கண்ணைப் பார்த்துவிட்டு ஏற்றாதீர்கள். செவுளைப் பார்த்துவிட்டும் ஏற்றாதீர்கள். கையை மணிக்கட்டுக்கு மேல் உள்ளே விட்டு, அடியில் கிடக்கிற மீனின் வயிற்றைத் தொடுங்கள். விரல் குளிரில் விறைத்தால் ஏற்றலாம். வெறும் ஈரமாக இருந்தால் பெட்டியை மூடிவிட்டு, வள்ளக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அது என்ன கேள்வி என்று கடைசியில் சொல்கிறேன்.

முதுகு போனதால் நான் வண்டியை விட்டுவிட்டேன். ஸ்டாண்டில் வந்து பேசச் சொன்னீர்கள். நாலு பேர் சேர்ந்து முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். படித்தது ஐந்தாவது வரைதான் என்றாலும் எழுதுவது அதைவிட எனக்குச் சுலபம்.

சுனாமி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்போது நான் வேம்பார் கரையில் மீன் ஏற்றி, விளாத்திகுளம் வழியாகச் சாத்தூர், சிவகாசி என்று இறக்கிக்கொண்டு, கடைசியாக எங்கள் ஊரான நாரணாபுரத்துக்கு வருவேன். சித்திரை, வைகாசியில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையோரம் மீன் பிடிக்கிற வள்ளங்கள் மட்டும்தான் போகும். மீன் குறைவு, ஆனால் பட்டாசுக் கம்பெனி ஊர்களில் மீன் கேட்கிற வாய் குறையாது. கிடைத்ததை எப்படியாவது ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்பதுதான் எங்கள் எல்லாருடைய நினைப்பும்.

அந்தக் கோடையில் கரையில் எல்லாமே நேரம் தவறி நடந்தது. விடிந்ததும் வந்து சேர வேண்டிய வள்ளங்கள் உச்சி வெயிலில் வந்தன. வலையில் பாதிக்குப் பாதி சொறி, அதாவது ஜெல்லி மீன். அந்த வழுவழுப்பான சொறியைத் தொட்டால் கை அரிக்கும். அதை அள்ளி வீசிவிட்டுத்தான் மீனைப் பிரிக்க வேண்டும். அங்கே சங்கு குளிக்கிற அண்ணன் ஒருவர் இருந்தார். தண்ணீருக்கு அடியில் போய் வருகிற ஆள். ஒருநாள் மணலில் உட்கார்ந்து காதுக்குள் போன தண்ணீரைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"தண்ணி குளத்துத் தண்ணி மாதிரிச் சுடுதுய்யா. மேலதான் சுடும், அடியில போனா குளுரும்னு இருந்தோம். இப்ப அடியிலயும் சுடுது. பார் இருக்குல்லா, பவளப்பாறை, பூராவும் வெளுத்துப் போச்சு. சுண்ணாம்பு அடிச்சு விட்டாப்புல நிக்குது. அங்கன மேயுற மீனு ஒண்ணக்கூடக் காணும்."

"வெளுத்தா என்ன அண்ணே?" என்று கேட்டேன்.

"வெளுத்தா அதுக்கு உசிரு பாதிதான்னு அர்த்தம். கலர் கலரா இருந்த எடம்யா அது. இப்பப் பாத்தா எழவு வீடு மாதிரி இருக்கு."

பாரில் மேய்கிற மீன் போய்விட்டதால் வள்ளங்கள் இன்னும் வெளியே, தூரமாகப் போக வேண்டியிருந்தது. அங்கே கொழுத்த சாளை, அதாவது மத்தி, கூட்டம் கூட்டமாகக் கிடைத்தது. அந்த ரகம் முன்பெல்லாம் இந்தக் கரையில் இவ்வளவு வராது என்று கிழவர்கள் சொன்னார்கள். வள்ளத்தில் ஐஸ் கொண்டு போகிற பழக்கம் கிடையாது. விடிந்ததும் திரும்புகிறவனுக்கு ஐஸ் எதற்கு? சூடான தண்ணீரிலிருந்து வந்த மீன், சூடான பலகையில், வெயிலில் கிடந்து கரைக்கு வந்தது. நாங்கள் எப்போதும் போடுகிற அளவு ஐஸைப் போட்டோம். அந்த ஐஸ் மீனின் சூட்டைத் தணிப்பதற்குள்ளேயே கரைந்துவிடும், குளிர வைக்க மிச்சம் இருக்காது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. செவுள் செக்கச்செவேல் என்று இருந்தது. கண் பளபளத்தது. வாடை துளிகூட இல்லை. அதற்கு மேல் பார்க்க எங்களுக்குத் தெரியாது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வள்ளத்தில் முதலில் பிடித்த மீன்தான் முதலில் பெட்டிக்குள் போகும். முதலில் நிரம்புகிற பெட்டிதான் வண்டியில் அடியில் உட்காரும். அதனால் அதிக நேரம் வெயிலில் கிடந்த மீன் அடிப்பெட்டியில் இருக்கும். அடிப்பெட்டி கடைசி நிறுத்தத்தில் இறங்கும். கடைசி நிறுத்தம் எங்கள் ஊர்.

அப்படி ஒருநாள் சாயங்காலம் நாரணாபுரத்தில் அடிப்பெட்டி இறங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் விற்றுப் போனது. வழக்கம் போல வீட்டுக்கு ஒரு கூறு கொடுத்தேன். மாரி, அதாவது என் வீட்டுக்காரி, குழம்பு வைத்தாள். நான் வண்டியைக் கழுவி விட்டுவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். காலையில் பழைய சோற்றுக்கு அந்தக் குழம்பை ஊற்றினாள். மறுநாள் மீன் குழம்புக்குத் தனி ருசி உண்டு. கம்பெனிக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டிகளில் அன்று பாதி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ரெண்டு வாய்தான் வைத்திருப்பேன். நாக்கில் மிளகைக் கடித்தது போலச் சுரீர் என்றது.

"என்ன மாரி, காரம் இம்புட்டு?"

"விருதுநகர் வத்தலு. புதுசு. அப்படித்தான் இருக்கும்" என்றாள். "எனக்கும் ராத்திரி முகமெல்லாம் திகுதிகுன்னு எரிஞ்சிச்சு. வெக்கைன்னு நெனச்சு ரெண்டு தரம் முகத்தக் கழுவுனேன்."

நானும் வத்தல் என்றுதான் தின்றேன். வத்தல் வியாபாரம் நடக்கிற ஊர்ப்பக்கம் பிறந்தவனுக்கு நாக்கு எரிந்தால் வேறு எதைச் சந்தேகப்படத் தோன்றும்? கை கழுவும்போதுதான் காது மடல் சுட்டது. கழுத்து அரித்தது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு குதிரை போல ஓட ஆரம்பித்தது. எழுந்தேன், தரை ஒரு பக்கம் சாய்ந்தது. காரம் வாயை எரிக்கும், வயிற்றை எரிக்கும். நெஞ்சை இப்படி அடிக்க வைக்காது. வெளியே எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று கையை வறட்டு வறட்டென்று சொறிந்துகொண்டிருந்தார். அவர் வீட்டிலும் நேற்று என் மீன்தான்.

அப்போதுதான் மாரி கேட்டாள்: "ஏங்க, முனியசாமிக்கும் குழம்பு குடுத்து விட்டேனே?"

முனியசாமி அவளுடைய தம்பி. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பவுடரையும் சல்லடையில் போட்டு, கைகளால் சலித்துக் கலக்குகிற வேலை. சட்டி உரசினால் போதும், கை தவறித் தட்டு விழுந்தால் போதும், வெடித்துவிடும். அந்த வேலைக்குக் கை நடுங்காதவனாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். காலை மணி அடித்ததும் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் மறுபடி மருந்து அறைக்குப் போவான். எனக்குத் தரை சாய்ந்தது போல அவனுக்கும் அந்த அறைக்குள் சாய்ந்தால்?

வண்டியை எடுத்தேன். கம்பெனி ஊருக்கு வெளியேதான். கேட்டுக்குத் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன்.

வாட்ச்மேன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பட்டாளத்தில் இருந்தவர். பிடி விலங்கு மாதிரி இருந்தது.

"ஓடாதீக. இங்கன ஒருத்தர் ஓடுனா அம்புட்டுப் பேரும் ஓடுவாக. எதுக்குன்னே தெரியாம ஓடுவாக. கையில இருக்கறதப் போட்டுட்டு ஓடுவாக. வெளங்குதா?"

விளங்கியது. பட்டாசுக் கம்பெனியில் ஓட்டத்துக்கும் கூச்சலுக்கும் ஒரே அர்த்தம்தான்.

"சாப்பாடு முடிஞ்சிருச்சா?"

"இப்பத்தான் உள்ள போனாக. என்ன விசயம்?"

"மீனு... நேத்து மீனு... கெறக்கம் வரும்..." என்று ஏதோ உளறினேன். அவர் போர்மேனைக் கூப்பிட்டார். போர்மேன் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் போல நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"மீனு தின்னா கெறக்கமா? நானுந்தான் தின்னேன். அருமையான மீனு. வாடையே இல்ல. ஏம்ப்பா, காலையிலேயே ஊத்திட்டியா?"

"இல்லய்யா. உள்ள போய் முனியசாமிய மட்டும் பாத்துட்டு..."

"டெரிகாட்டன் உரசுனா பொறி வரும். அந்தச் சட்டையோட உள்ள விடமாட்டேன்" என்றார் வாட்ச்மேன். "கழட்டுங்க. சாவி, செல்லு, செருப்பு, அம்புட்டையும் இங்கன வைங்க."

சட்டையைக் கழற்றினேன். நான் என் நெஞ்சைப் பார்க்கவில்லை. போர்மேன் பார்த்தார். கழுத்திலிருந்து தொப்புள் வரை திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்திருந்தது. அவர் மெதுவாகத் தன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் குனிந்து பார்த்துக்கொண்டார். அவர் நெஞ்சிலும் அதே சிவப்பு.

"எத்தன பேரு இதத் தின்னுருப்பாக?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"நம்ம ஊர்க்காரக பாதிப் பேரு."

இப்போது பிரச்சினை இதுதான். அறை அறையாக ஆட்கள் மருந்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கு எப்போது கிறுகிறுக்கும் என்று தெரியாது. மணி அடிக்கலாம். நேரம் கெட்ட நேரத்தில் மணி அடித்தால் தீ என்றுதான் நினைப்பார்கள். கத்த முடியாது. போர்மேன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சும்மா காற்று வாங்கப் போகிறவர் போல நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு அறை வாசலிலும் அரை நொடி நின்று, உள்ளே பார்க்காமலே சொன்னார்:

"ஆபீசர் வாராக."

தம்பிகளே, உங்களில் பட்டாசு வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று சட்டம் உண்டு. சீசன் நெருக்கத்தில் அதற்கு மேல்தான் உட்கார வைத்திருப்பார்கள். சோதனைக்கு ஆபீசர் வருகிறார் என்றால் கூடுதல் ஆட்கள் கையில் இருப்பதை அப்படியே பூப்போல வைத்துவிட்டு, சத்தமில்லாமல் பின்பக்கமாக வேப்பமரத்தடிக்குப் போய்விட வேண்டும். ஓடக்கூடாது, பேசக்கூடாது. செய்யக்கூடாத ஒன்றுக்காகப் பழகிவைத்த பழக்கம் அது. அதை நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று போர்மேன் கையில் இருந்தது அது ஒன்றுதான். இந்தத் தடவை, "அம்புட்டுப் பேரும்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டார். ஆட்கள் வரிசையாக எழுந்து, ஈரத் தரையில் நடப்பது போல நடந்து போனார்கள்.

மருந்து அறை மட்டும் எல்லாவற்றுக்கும் தள்ளி, தனியாக இருந்தது. போர்மேன் அங்கே போகும் வழியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நீ போ" என்று கையால் காட்டினார். "தொடாத. கத்தாத."

உடம்பில் ஏறிய மின்சாரம் தரைக்கு இறங்குவதற்காக வாசலில் வைத்திருந்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டு நின்றேன். உள்ளே முனியசாமி உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வெள்ளிப் பவுடர். சிவந்திருக்கிறானா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஆனால் அவன் சலிக்கிற விதம் எனக்குத் தெரியும். வீட்டில் மாவு சலித்தாலும் அவன் கை ஒரே தாளத்தில் போகும். இப்போது இரண்டு தடவை அசைந்து நின்றது. மறுபடி அசைந்தது. நின்றது. சல்லடையைப் பிடித்திருந்த ஒரு கை அதை விட்டுவிட்டுக் கழுத்துப் பக்கம் போகப் பார்த்து, பாதியில் திரும்பி வந்தது.

"மாப்ளே" என்றேன், மெதுவாக.

"யாரு? அத்தானா? இங்கன எப்படி வந்தீக? சட்டை எங்க?"

"வாட்ச்மேன் உருவிட்டாரு."

அவன் சிரித்தான். சிரிப்பில் சல்லடை குலுங்கி, கீழே இருந்த தட்டின் விளிம்பில் இடித்தது. வேடிக்கைப் பேச்சு ஆகாது என்று புரிந்தது.

"குழம்பு சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அக்கா வத்தல அள்ளிக் கொட்டிருக்கா. காதெல்லாம் எரியுது. கண்ணு வேற மங்குது."

"அத வச்சிட்டு எந்திரி மாப்ளே."

"பாதிக் கலவை அத்தான். பாதியில விட்டு எந்திரிக்கப்படாது. ஆபீசரே வந்தாலும் நான் எந்திரிக்க வேண்டாம், நான் கணக்குல உள்ள ஆளு. நீங்க போங்க. முடிச்சிட்டு வாரேன்."

உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று இன்னும் வேகமாகச் சலிப்பான். அவன் குணம் அது. மருந்து அறைக்காரர்கள் எல்லாருக்குமே அந்த வீம்பு உண்டு. மீன் கெட்டது என்று விளக்கினால் பயப்படுவான். பயந்த கையில் சல்லடை இருக்கும். எனக்கும் அதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாசல் சட்டத்தைப் பிடித்தேன். உண்மையைத்தான் சொன்னேன்:

"மாப்ளே, எனக்கு முடியல. நெஞ்சு அடிக்குது. விழுந்துருவேன் போல இருக்கு. என்னைய வெளிய கூட்டிட்டுப் போயேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். என் மேலெல்லாம் இருந்த சிவப்பைப் பார்த்தான்.

"அய்யய்யோ அத்தான்" என்றான். அடுத்து அவன் செய்ததை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். அவசரப்படவில்லை. சல்லடையை இரண்டு கையாலும் பிடித்து, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போலக் கீழே இறக்கினான். கை நடுங்கியது. நடுங்குகிறதே என்று அவனே ஒரு கணம் வியந்து பார்த்தான். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். எழுந்தான். வாசல்படி தாண்டுவதற்குள் அவனுக்கும் கால் மடிந்தது. என்னைக் கூட்டிப்போக வந்தவனை நான் தோள் கொடுத்து நடத்தினேன்.

வேப்பமரத்தடியில் கூட்டமாக நின்றவர்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள்.

"ஏலே, ஆபீசர் வாராருன்னாங்க. இந்தா, சட்டையில்லாம வாராரு பாரு ஆபீசரு!"

"கூடவே வெள்ளி வேசம் போட்ட பியூனும் வாராம்லே!"

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே முனியசாமி என் தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தான். அதற்குள் இன்னும் சிலர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மருந்து அறையில் பாதியில் இருந்த கலவையை, காலையில் மோர்ச்சோறு தின்றிருந்த ஒரு பெரியவர் போய் ஒழுங்கு பண்ணிவிட்டு வந்தார். கம்பெனி வண்டியிலும் ஆள் ஏற்றினோம். என் மீன் வண்டியிலும் ஏற்றினோம். ஓட்டியது நான் இல்லை, வாட்ச்மேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் சாயங்காலத்துக்குள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பிடிச்சதுல இருந்தே ஐஸ்ல இருந்துச்சா?" இல்லை என்றேன். சூட்டில் கிடந்தால் சாளை மாதிரி மீனில் ஒரு விஷம் ஊறும், பார்த்தால் தெரியாது, வாடை வராது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது என்றார். நாக்கில் சுரீர் என்பதுதான் அதன் அடையாளமாம்.

அதற்கடுத்த தடவை கரைக்குப் போனபோது சங்கு குளிக்கிற அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பார் வெளுத்துருச்சுன்னு நான் சொன்னப்ப அது எங்க கஷ்டம்னு நெனச்சீக" என்றார். "நானும் அப்படித்தான்யா நெனச்சேன்."

அன்றிலிருந்து சாத்தூரில் ஐஸ் ஏற்றிக்கொண்டு போய் வள்ளத்துக்கே கொடுக்க ஆரம்பித்தோம். வெயில் நாளில் மீனுக்குச் சரிபாதி ஐஸ். முதலில் பிடித்த மீன் முதல் நிறுத்தத்திலேயே இறங்க வேண்டும், அடியில் போகக்கூடாது. தொட்ட கை குளிராவிட்டால் அந்த மீனை ஏற்றுவதில்லை, யார் திட்டினாலும் சரி. திட்டு வாங்கியிருக்கிறேன். வெறும் வண்டியோடு திரும்பியும் இருக்கிறேன். மழைக்குப் பிறகு பாரில் கொஞ்சம் நிறம் திரும்பியது என்று அண்ணன் சொன்னார். அப்புறம் வந்த கோடைகளில் மறுபடி வெளுத்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வருவது கொஞ்சம் குறைகிறது என்றும் சொன்னார்.

நடக்காமல் போன வெடிக்குச் சாட்சி கிடையாது. முனியசாமி இன்றுவரை, "வத்தல் காரந்தான் அத்தான், நீங்களா ஒரு கத கட்டிட்டீக" என்றுதான் சொல்கிறான். நான் வாதாடுவதில்லை.

ஆனால் அவன் கடலைப் பார்த்ததே இல்லை. வேம்பார் எந்தத் திசை என்றுகூடச் சரியாகக் காட்ட மாட்டான். வண்டி ஊருக்குள் வந்ததும் தெருவில் இறங்கி முதலில் வந்து நிற்பவன் அவன்தான். பெட்டிக்குள் கையை ஆழமாக விட்டுக்கொண்டு டிரைவரிடம் கேட்பான். நீங்கள் கரையில் வள்ளக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

"தண்ணி இன்னைக்கி எப்படி இருக்காம்?"